விஜிக்கு, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஃபோனில் பேசிவிடலாம் என்று நாலு தடவை எடுத்து, எடுத்து வைத்துவிட்டேன். நீ மெனக்கெட்டு ஆறு பக்கம் கையால் எழுதியிருக்கும்போது, 'நல்லா இருக்கியாடி' என்று இரண்டு நிமிஷத்தில் முடிப்பது நியாயமில்லை. இன்று ஞாயிறு. கரண்ட் இல்லை, மாமியார் தூங்குகிறார், மீன் குழம்பு ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் சேதி. லேபை விட்டு ரெகுலேட்டரி பக்கம், அதாவது மருந்து அனுமதிக்கான கோப்புகளைச் சரிபார்க்கும் வேலைக்கு, போகிறாய் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை நீ எழுதிய விதம்தான் உறுத்தியது. 'இனிமேல் நான் சயின்டிஸ்ட் இல்லை, குமாஸ்தா' என்று எழுதியிருக்கிறாய். பிஎச்டி, ஜெர்மனியில் போஸ்ட்டாக், ஹைதராபாத்தில் பதினோரு வருஷம் தடுப்பூசி வேலை. இத்தனைக்கும் பிறகு ஒரு டோசியரின் ஓரத்தில் 'இந்த ஸ்டெபிலிட்டி டேட்டா போதாது' என்று எழுதப் போகிறவளுக்குப் பெயர் குமாஸ்தாவா? அந்த ஒரு வரியை எழுத, மருந்து எங்கே, எப்படிக் கெட்டுப்போகும் என்று கை பழகியிருக்க வேண்டுமே. பைப்பெட் பிடித்தால்தான் விஞ்ஞானம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கிண்டி வளாகத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் எம்எஸ்சி முடித்து வெளியே வரும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் ஒஹையோவில் இயற்பியலில் பிஎச்டி வாங்கினார். வாங்கிய கையோடு, உயிரியல்தான் வேண்டும் என்று சான் டியாகோவில் மறுபடியும் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். 2009இல் நோபல். உனக்கு நோபல் வரும் என்று சொல்லவில்லை, பயப்படாதே. அவர் அன்று வீட்டுக்கு ஃபோன் போட்டு 'மறுபடியும் படிக்கப் போறேன்' என்றபோது வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் தெருவாக இருந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பிஎச்டியைப் பாதியில் விட்டவள் புத்தி சொல்கிறாள் என்று நீ சிரிப்பாய். ஏன் விட்டேன் என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு ஃப்ரீசர்.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது. மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருந்தது. முந்தின வாரம்தான் அதைப் பிடுங்கி கைடு அறை ஏசிக்கு மாற்றியிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை போனால், ஃப்ரீசர் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தரை முழுக்க ஓடியிருந்தது. உள்ளே பதினாலு மாதமாக வார்டு வார்டாக அலைந்து சேர்த்த சீரம், எல்லாம் கல்லீரல் நோயாளிகளுடையது. மார்க்கர் பேனாவால் நான் எழுதிய எண்கள் கரைந்து குப்பி எல்லாம் வெளிர் நீலமாக இருந்தன. எது யாருடையது என்றே தெரியவில்லை. கைடு எட்டிப் பார்த்துவிட்டு 'ரீகலெக்ட் பண்ணிக்கலாம்மா' என்றார். யாரிடமிருந்து? அதில் பதினேழு பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. எனக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏழு வருஷம் நைட் ஷிஃப்டில் மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு வந்த வியாதிக்கு இங்கே உட்கார்ந்து எண் போட வேண்டும். வாத்து மோதிக் காயமானால்கூட அதற்கு ஓர் எண் இருக்கிறது தெரியுமா, டபிள்யூ61.62. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வேலையை நீ கேவலமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். நைனாவின் மருந்தும் மாடி அறையும் அந்தப் பணத்தில்தான். ஆனால் விடியற்காலை கம்பெனி காரில் வீடு வரும்போது, எண் தெரிந்த மனிதர்களில் ஒருவருடைய முகமும் தெரியாதே என்று தோன்றும்.

நுரையீரல் காசநோய்க்கு ஏ15.0. அமெரிக்கக் கோப்புகளில் அதை எப்போதாவதுதான் பார்த்திருப்பேன். எம்பிஎச் என்ற பொது சுகாதார மேற்படிப்பை முடித்து இந்த காசநோய் ப்ராஜெக்டில் சேர்ந்த பிறகு, அந்த எண் காசிமேட்டில் சந்துக்குச் சந்து உட்கார்ந்திருக்கிறது. சளி டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமித் துப்பணும், எச்சில் வேண்டாம் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தம், பிறகு ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் பதினோரு மாதம். நாற்பத்து மூன்று வயதில் இன்னும் 'ப்ராஜெக்ட் ஸ்டாஃப்'தான்.

தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்களே, அதன் மூளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துக்காரர்கள் மாநில அரசோடு சேர்ந்து செய்தது. நோய் உறுதியான அன்றே உயரம், எடை, காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், தாங்கல் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவற்றைப் பார்த்துவிட வேண்டும். இதில் தேறாதவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். சாவில் பெரும் பங்கு முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது, அதனால்தான் இந்த அவசரம்.

போன மாதம் ஒரு பெரியவர். வலை பின்னுகிறவர். எடை மெஷினில் ஏறச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினார். 'கைய எடுங்க தாத்தா' என்றேன். எடுத்தார், மறுபடி பிடித்தார். 'இன்னாமா, செவுரு இன்னா வெயிட்டா கூட்டும்?' என்று சிரிக்கிறார். முப்பத்தாறு கிலோ. அன்றே சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். மைனஸ் 80 ஃப்ரீசர் இல்லை, சீக்வென்சர் இல்லை. ஓர் எடை மெஷினும் ஒரு சுவரும். இது சயின்ஸ் இல்லை என்று உன் ஜெர்மன் பாஸ் சொன்னால் அவரை இங்கே அனுப்பு.

நம் ஊரின் பெரிய ஆய்வே இப்படிப்பட்டதுதானே. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. நோயாளியை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுக்க வேண்டுமா, இல்லை நெரிசலான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்று ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே சானடோரியத்தை மூட ஆரம்பித்தது.

இதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. மருந்து போதும் என்று நிரூபித்த ஜோரில் சோற்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2023இல்தான் ஜார்க்கண்டில் செய்த ரேஷன்ஸ் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தால் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. ஸ்டான்லியை என் ஆயா கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். 1782 பஞ்சத்தில் அங்கே சத்திரம் வைத்து கஞ்சி ஊற்றினார்கள், அதிலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி. கஞ்சியும் மருந்தும் ஒரே வாசலில் கிடைத்த காலம். நாம் சுற்றி வளைத்து லான்செட் வழியாக அங்கேயே வந்து நிற்கிறோம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

ரேவதி என்று ஒரு பெண். ஃபீல்டில் பழக்கம், அவள் பெரியம்மாவுக்கு நான்தான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். பயோகெமிஸ்ட்ரியில் எம்எஸ்சி முடித்திருக்கிறாள், வீட்டில் முதல் பட்டதாரி. பிஎச்டிக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வான நெட் எழுதினாள். நம் காலம் மாதிரி இல்லை. 2024லிருந்து மூன்று தட்டு வைத்திருக்கிறார்கள்: மேல் தட்டுக்கு ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைப் பணம், நடுத் தட்டுக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும், கீழ்த் தட்டுக்குச் சேர்க்கை மட்டும். இவளுக்குக் கிடைத்தது கீழ்த் தட்டு. அந்த மார்க்கும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஜேஆர்எஃப் வந்திருந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இப்போது கையில் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம் ஒரு கோடிங் கம்பெனி 16,500க்குக் கூப்பிடுகிறது. ஒரு பேராசிரியர் 'முதலில் சேர்ந்துவிடு, ஃபெல்லோஷிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிறாராம். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு நீல நிறக் குப்பி ஞாபகம் வந்துவிட்டது.

அவள் நைனா விசைப்படகில் போகிறவர். ஜேஆர்எஃப் வாங்குகிறவர்களுக்கே பணம் சில சமயம் ஐந்து, ஆறு மாதம் கழித்துத்தான் வரும், அதுவரை சமாளிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: 'எங்களுக்கும் ஏப்ரல் பதினைஞ்சுலர்ந்து அறுபத்தோரு நாள் தடைக்காலம் இருக்குதும்மா. ஆனா எப்போ முடியும்னு தெரியும், அதுக்கேத்தாப்ல கடன் வாங்குவோம். இது எப்போ வரும்னே தெரியாதா?' எனக்குப் பதில் இல்லை. நீ யோசித்து வை.

நான் அவளிடம் சொன்னது: பணமில்லாமல் பிஎச்டியில் சேராதே. நெட் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது, இன்னும் இரண்டு முறை எழுது. அதுவரை ஏதாவது ப்ராஜெக்ட் போஸ்டில் சேர், சம்பளமும் வரும், லேப் எப்படி நடக்கிறது என்றும் தெரியும். எந்த கைடிடம் சேர்வதானாலும் அவருடைய பேப்பர்களைப் படிப்பதற்கு முன்னால், அவரிடம் இருந்து பாதியில் போனவர்கள் யாராவது இருந்தால் தேடிப் பிடித்துப் பேசு. முடித்தவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள், அவர்களுக்கு இன்னும் ரெகமண்டேஷன் லெட்டர் வேண்டியிருக்கும். அப்புறம், ஃப்ரீசர் எந்த லைனில் இருக்கிறது என்று பார். இதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் நான் சொல்வது சரிதானா என்று எனக்கே சந்தேகம். சூடு கண்ட பூனை நான். ஒருவேளை அவள் நல்ல கைடிடம் மாட்டலாம், ஆறு மாதத்தில் ஜேஆர்எஃப் வந்துவிடலாம், நான் குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. முடித்தவள் ஒருத்தியும் பேச வேண்டும். எத்தனை வருஷம் ஆயிற்று, அந்த வருஷங்களில் அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடிந்ததா, கல்யாணப் பேச்சை எப்படித் தள்ளிப்போட்டாய், இன்று அதே வயதாக இருந்தால் மறுபடி செய்வாயா, இதை எல்லாம் பூசி மெழுகாமல் சொல். குமாஸ்தா கதையை மட்டும் அவளிடம் அவிழ்த்துவிடாதே.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அவளும் நைனாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த நேரத்துக்கு நீ ஃபோன் பண்ணு. ஸ்பீக்கரில் போடுவேன், என் மாமியாரும் உட்கார்ந்து கேட்பார், பார்த்துப் பேசு.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபிசியோவை நிறுத்த விடாதே.

உன்,
சாந்தி

பி.கு.: நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறேன். உன் தம்பி ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை மாதிரி ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க, மூன்று கவர் போட்டிருக்கிறேன்.