ஆறரை மணி சீரியலை அந்தரத்துல விட்ட டிவிகாரங்களுக்கு, தண்டையார்பேட்டையிலருந்து ஒரு மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

யாரு கையில இது போய்ச் சேரும்னு தெரியல, அதான் ரெண்டையும் போட்டுட்டேன். சேனல் பேரையும் சீரியல் பேரையும் வேணும்னேதான் எழுதல. எழுதினா கேஸு கீஸுன்னு வந்து நிப்பீங்க, ப்ளவுஸ் தச்சு, எம்.சி. ரோட்டுக் கடைங்களுக்கு ஃபால்ஸ் அடிச்சுக் குடுத்து சம்பாதிக்கிறவ நான், வக்கீலுக்கு எங்க போறது. உங்களைத்தான் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

கடைசி எபிசோட் ஒரு சனிக்கிழமை வந்துச்சு. அந்தப் பொண்ணு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல உக்காந்திருக்கா, எதுத்தாப்புல மாமியார், கொழுந்தன், டேபிள் மேல பத்திரம், அவங்க அப்பா கட்டின வீட்டை எழுதிக் குடுத்தாதான் புருஷனை வெளிய விடுவோம்னு மிரட்டி இட்டுகினு வந்துட்டாங்க, பேனா மூடியக் கழட்டிட்டா, ஒரு தபா வாசல் பக்கம் பாத்தா, அப்டியே நிறுத்தி தொடரும்னு போட்டீங்க. திங்கக்கிழமை ஆறரைக்கு நாங்க எல்லாம் குந்திகினு டிவியப் போட்டா டப்பிங் சீரியல் ஓடுது, வாய் ஒரு பக்கம் போகுது பேச்சு ஒரு பக்கம் போகுது. கீழ ஒரு வரி கூட ஓடல. நேயர்களேன்னு ஒரு வார்த்தை இல்ல. கேபிள்காரருக்குப் போன் அடிச்சு சேனல் நம்பர் மாறிடுச்சான்னு கேட்டோம், அந்தாளு சிரிச்சாரு.

எங்க ஆயாவைப் பத்தி சொல்லணும். காசிமேட்டுல நாப்பது வருஷம் மீன் வித்தவங்க, இப்ப எழுபத்தி எட்டு வயசு, ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாது, இன்னொண்ணுல நிழல் மாதிரி தெரியும். ஆயா சீரியலைப் பாக்கறதில்ல, கேக்கறாங்க. யாரு நல்லவ யாரு கெட்டவன்னு இருமல வச்சே சொல்லிடுவாங்க. நடுவுல நீங்க ஹீரோயினை மாத்தி இவருக்குப் பதில் இவர்னு போட்டீங்களே, நாங்க எல்லாம் ஒரு வாரம் ஒப்பாரி வச்சோம், ஆயாவுக்கு அந்த விஷயமே தெரியாது. ஏன்னா நடிக்கிறவங்கதான் மாறினாங்க, குரல் குடுக்கிற அம்மா மாறல. அவங்க பேரை டைட்டில்ல கூட சரியாப் போட மாட்டீங்க, எங்க வீட்டுல அவங்கதான் ஹீரோயின்.

இப்போ தெனமும் சாயங்காலம் ஆனா ஒரே கேள்வி. "இன்னாடி, கையெழுத்து போட்டாளா?" ஒரு நாள் மனசு கேக்காம போடல ஆயா, எழுந்து வந்துட்டான்னு சொல்லிட்டேன். "நீ பாத்தியா?" இல்ல. "அப்ப பொய் சொல்லாத." ஆயாவுக்கு இந்த பத்திர விஷயத்துல ஒரு சொந்தக் கதை இருக்குது, கைநாட்டு வச்ச கதை, அதை இங்க எழுதினா எங்க மாமா வீட்டுல சண்டை வரும், விடுங்க.

நிறுத்தினது ஏன்னு கேட்டா டிஆர்பின்னு சொல்லுவீங்க. எந்த சீரியலை எத்தனை பேரு பாக்கறாங்கன்னு வாராவாரம் வியாழக்கிழமை வர்ற அந்த நம்பர். நாடு முழுக்க 50,000 சொச்சம் வீட்டுல மீட்டர் வச்சிருக்காங்களாம், எந்த வீடுன்னு ரகசியமாம், வீட்டுல யாரு டிவி முன்னாடி உக்கார்றாங்களோ அவங்க ரிமோட்ல அவங்க பட்டனை அமுக்கணுமாம். எனக்குத் தெரிஞ்சு எங்க தெருவுல யார் வீட்டுலயும் அந்தப் பொட்டி இல்ல. நான் அதைப் பொய்க் கணக்குன்னு சொல்ல வரல, விளம்பரக்காரனுக்கு ஏதோ ஒரு கணக்கு வேணும்தான், ஆனா ஒரே பக்கம் சாய்ஞ்சு உக்காந்து கேக்கற கிழவிக்கு அந்த ரிமோட்ல எந்த பட்டன்னு நீங்கதான் சொல்லணும்.

நாங்களும் சும்மா இல்ல. எங்க தெருவுல, அப்புறம் கொருக்குப்பேட்டை பக்கம், ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் இருக்கற பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சோம், காலேஜ் புள்ளைங்க இன்ஸ்டாகிராம்ல உங்க ஒவ்வொரு போஸ்ட்டுக்குக் கீழயும் போய் முடிவு எங்கன்னு கமெண்ட் போட்டாங்க, ஒரே ஒரு கமெண்ட்டுக்கு உங்க அட்மின் ஹார்ட் போட்டாரு, அவ்ளோதான் பதில். அப்புறம் நான்தான் ஐடியா குடுத்தேன், போஸ்ட் கார்டு போடலாம்னு. இன்னிக்கும் ஒரு கார்டு ஐம்பது பைசாதான் தெரியுமா உங்களுக்கு? நூறு ரூபா குடுத்தா 200 கார்டு. போஸ்ட் ஆபீஸ்ல அந்தம்மா, எதுக்குமா இத்தனைன்னு கேட்டுட்டு விஷயத்தைச் சொன்னதும் அவங்களும் ஒரு கார்டு எழுதித் தந்தாங்க.

இப்ப ஒரு நடிகை பேட்டியில சொல்றாங்க, சீரியல் திரும்ப வரும், டிவியில இல்ல, ஆன்லைன்ல வரும்னு. நெசமா பொய்யான்னு தெரியாது. நெசமா இருந்தா அதுக்கு முன்னாடி நாங்க சொல்றதக் கேட்டுடுங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

எங்க அண்ணன் பையன், அத்தை இது மாதிரி அமெரிக்காவுலயே நடந்திருக்குன்னு தேடி எடுத்துக் குடுத்தான். ரெண்டு ராத்திரி மெஷின் பக்கத்துல உக்காந்து படிச்சேன், நம்ம கதை மாதிரியே இருக்குது. ஆல் மை சில்ட்ரன்னு ஒரு சீரியல், 1970 ஜனவரியில ஆரம்பிச்சது. ஒன் லைஃப் டு லிவ்னு இன்னொண்ணு, அது 1968. ரெண்டையும் உருவாக்கினது ஒரே அம்மா, ஆக்னஸ் நிக்சன். நாப்பது வருஷத்துக்கு மேல பகல்ல ஓடின ரெண்டையும் 2011 ஏப்ரல் 14ஆம் தேதி, நமக்கு சித்திரை மாசப் பொறப்பு, நிறுத்தப் போறோம்னு ஏபிசி சேனல் ஒரே நாள்ல அறிவிச்சுட்டாங்க. அங்க சனங்க விடல, போன் போட்டாங்க, ரோட்டுல நின்னாங்க, ஹூவர்னு வீடு கூட்டற மெஷின் கம்பெனிக்காரன் அந்த சேனலுக்குக் குடுத்த விளம்பரத்தையே எடுத்துட்டான். நம்ம ஊர்ல ஒரு மசாலா கம்பெனியோ நகைக்கடையோ அப்டி செய்யுமான்னு யோசிச்சுப் பாத்தேன், சிரிப்புதான் வந்துச்சு.

அப்புறம் ப்ராஸ்பெக்ட் பார்க்னு ஒரு கம்பெனி, நாங்க ஆன்லைன்ல தொடர்றோம்னு உரிமையை வாங்கிச்சு. அதை நம்பி 2011 செப்டம்பர் 23ஆம் தேதி ஆல் மை சில்ட்ரனோட டிவி கடைசி எபிசோட்ல என்ன பண்ணாங்க தெரியுமா, ஒருத்தன் துப்பாக்கியத் தூக்கறான், ஸ்கிரீன் இருட்டாகுது, டுமீல்னு சத்தம், முடிஞ்சுது. யாருக்குப் பட்டுச்சுன்னு காட்டல. மிச்சத்தை ஆன்லைன்ல பாத்துக்குங்கன்னு அர்த்தம். ரெண்டே மாசத்துல அந்தக் கம்பெனி யூனியன் பிரச்சினை, பணப் பிரச்சினைன்னு சொல்லி கைய விரிச்சுட்டான். குண்டு யாரு மேல பட்டுச்சுன்னே தெரியாம அந்த ஊர்ப் பாட்டிங்க பத்தொன்பது மாசம் ஒக்காந்திருந்தாங்க சார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல மாட்டினாகூட கூட்ஸ் வண்டி போச்சுன்னா தெறக்கும்னு ஒரு நிச்சயம் இருக்கும்.

அந்த சேனல் பண்ணதுக்கு ஒரு சின்ன திருப்தி, ஒன் லைஃப் டு லிவ் ஓடின நேரத்துல புதுசா ஒரு ஷோ வச்சாங்க, அது 2012 ஜனவரியில வந்து ஜூலையிலயே மூட்டை கட்டிடுச்சு. உங்க டப்பிங் சீரியலுக்கு நான் சாபம் எல்லாம் விடல, தகவலுக்கு சொல்றேன்.

2013 ஏப்ரல் 29, ரெண்டு சீரியலும் ஆன்லைன்ல, ஹுலு, ஐடியூன்ஸ்ங்கற இடத்துல திரும்ப வந்துச்சு. ஒரு மணி நேரமா இருந்தது அரை மணி, ஷூட்டிங் கனெக்டிகட்ல ஸ்டாம்ஃபோர்டுங்கற ஊர்ல. முதல்ல ஒவ்வொண்ணும் வாரத்துக்கு 4 எபிசோட் போட்டாங்க, அடுத்த மாசமே 2 ஆக்கிட்டாங்க, ஏன்னா ஆன்லைன்ல பாக்கறவங்க டிவி மாதிரி தெனமும் பாக்கல, சேத்து வச்சு ஒண்ணா பாத்தாங்க. இதுல ஒரு கூத்து வேற, அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் ஏபிசி மேல கேஸ் போட்டான், நாங்க ஏபிசியோட வேற சீரியலுக்குக் கடனாக் குடுத்த கேரக்டர்ல ரெண்டு பேரை கார் ஆக்சிடெண்ட்ல சாகடிச்சுட்டாங்கன்னு. கடன் வாங்கின கேரக்டரைக் கொன்னுட்டான்னு கோர்ட்டுக்குப் போனது உலகத்துலயே அதுவாத்தான் இருக்கும். கடைசியில அந்த வருஷம் முடியறதுக்குள்ள ரெண்டும் நின்னுடுச்சு, 2014ல கம்பெனியே திவால் மனு குடுத்துடுச்சு. அதாவது அந்த சனங்க ஜெயிச்சு, கொண்டாடி, மறுபடியும் அந்தரத்துல நின்னாங்க.

ஆஸ்திரேலியாக்காரங்க நெய்பர்ஸ் சீரியல் கொஞ்சம் பரவாயில்ல, 1985லருந்து ஓடினது, 2022ல பழைய ஆளுங்கள எல்லாம் கூப்பிட்டு ஒழுங்கா வழியனுப்பி முடிச்சாங்க, அமேசான் அதைத் திரும்ப 2023ல எடுத்துச்சு, 2025 டிசம்பர்ல அதுவும் முடிஞ்சுது. நம்ம ஊர்லயும் நடக்காதது இல்ல, எதிர்நீச்சல் 2024 ஜூன்ல முடிஞ்சு அதே டிசம்பர்ல தொடர்கிறதுன்னு பேரோட சேத்துகினு டிவிக்கே வந்துச்சே.

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு தோணுச்சு, இதுல எங்க குரூப்லயே அடிதடி. சின்னப் புள்ளைங்க எல்லாம் சீசன் டூ வேணும், இன்னும் ஐநூறு எபிசோட் வேணும்னு கேக்குதுங்க. எனக்கு வேணாம். நீங்க ஐநூறுன்னு ஆரம்பிச்சா அறுபதாவதுல மறுபடியும் எவனோ ஒருத்தன் கணக்குப் பாத்து நிறுத்துவான், அப்போ அவ வேற ஏதாவது ஆபீஸ்ல வேற ஏதாவது பேனாவோட உக்காந்திருப்பா. எனக்கு பத்து எபிசோட் குடுங்க, பத்து கூட வேணாம், எட்டு. அவ கையெழுத்து போட்டாளா, புருஷன் வந்தானா, அந்த வீடு யாருக்கு. மாமியார் திருந்தணும்னு கூட கேக்கல, எந்த மாமியார் திருந்தினா.

செலவு ஆகும்னு தெரியும். நானும் தொழில்தான் பண்றேன். துணிய அளவெடுத்து வெட்டினதுக்கு அப்புறம் முடியலமான்னு திருப்பிக் குடுக்க முடியாது, முழுக் கை வரலன்னா அரைக் கையாவது வச்சு, கொக்கி தச்சு, போடற மாதிரி முடிச்சுக் குடுப்பேன், இல்லன்னா துணிக் காசை நான் குடுக்கணும். நீங்க எங்களோட நாலு வருஷ ஆறரை மணிய வெட்டி வச்சிருக்கீங்க. தியேட்டர்ல இண்டர்வெல்லோட படத்தை நிறுத்தினா கவுண்டர் முன்னாடி கூட்டம் கூடி காசைத் திருப்பிக் குடுன்னு கேக்கும், டிவின்னா நாங்க யாரைப் போய்க் கேக்கறது, சொந்த டிவியத்தான் ஒடச்சுக்கணும்.

அப்புறம் ஆன்லைன்னு சொல்றீங்களே, எந்த ஆன்லைன். இதுதான் எனக்கு பெரிய பயம். அமெரிக்காவுல டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்னு 1965லருந்து டிவியில ஓடினதை 2022 செப்டம்பர்ல பீகாக்ங்கற ஆப்புக்கு மாத்திட்டாங்க, காசு கட்டினாத்தான் பாக்க முடியும். உங்களுக்கும் அதே ஆசை வரும். எங்க ஆயா ரூம்ல இருக்கறது அந்தக் காலத்துல கவர்மெண்ட் இலவசமாக் குடுத்த 14 இன்ச் கலர் டிவி, பொட்டி மாதிரி, அதுல ஆப்பும் வராது ஒண்ணும் வராது. என் போன்ல வரும். ஆனா உங்க ஆப்புல போய் நம்பர் போட்டு, ஓடிபி வந்து, மூணு மாசத்துக்கு இவ்ளோன்னு ஒரு ரேட்டைக் காட்டி, கார்டு நம்பர் கேட்டு, இதெல்லாம் எங்க குரூப்ல பாதிப் பேருக்கு ஆகற காரியம் இல்ல, கார்டே கெடையாது. யூடியூப்ல போடுங்க. நடுவுல பத்து விளம்பரம் வேணும்னாலும் போட்டுக்குங்க, ஸ்கிப் பண்ணாம பாக்கறோம், சத்தியமா. பழைய மெட்டி ஒலி 2002ல ஆரம்பிச்ச சீரியல், 2020 லாக்டவுன்ல திரும்பப் போட்டப்போ எங்க தெருவே பாத்துச்சு, முடிவு தெரிஞ்ச கதையவே அப்டிப் பாக்கறவங்க நாங்க, முடிவு தெரியாததை விடுவோமா. வாரத்துக்கு ரெண்டு போட்டாப் போதும், ஞாயித்துக்கிழமை மீன் கொழம்பு கொதிக்கும்போது சேத்துப் பாத்துக்குவோம். ஆயாவுக்கு நான் போனைக் காதுகிட்ட வச்சிடுவேன்.

யாரை வேணும்னாலும் மாத்துங்க, வீடு செட்டைக் கலைச்சிருப்பீங்க, வேற வீடு காட்டுங்க, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு பதில் எங்க தெரு ரேஷன் கடைய காட்டினாலும் நாங்க கண்டுக்க மாட்டோம். குரல் குடுக்கற அம்மாவை மட்டும் மாத்தாதீங்க. மாத்தினா ஆயா கண்டுபிடிச்சிடுவாங்க, அது வேற எவளோன்னு சொல்லி போனைத் தள்ளி விட்டுடுவாங்க.

இன்னொண்ணு, எங்க ஏரியான்னாலே நீங்க ஒரு வெட்டுக்குத்து சீனு, ஒரு குத்துப் பாட்டு, அவ்ளோதான் வச்சிருக்கீங்க. ஒரு நாள் ஆறரை மணிக்கு எங்க தெருவுல நடந்து பாருங்க. நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும், இப்ப வந்தா தெரியாது, ஏன்னா இப்பல்லாம் அந்த நேரத்துல பாதி வீட்டுல டிவி ஆஃப்ல கீது.

இப்படிக்கு,
ப்ளவுஸ் கடைக்காரி, ஆயாவோட பேத்தி,
தண்டையார்பேட்டை

பி.கு: 200 கார்டுல 140 அனுப்பிட்டோம். மிச்சம் 60 இருக்குது, வாரத்துக்கு பத்துன்னு வரும். எல்லாத்துலயும் ஒரே கேள்விதான் எழுதியிருக்கோம், கையெழுத்து போட்டாளா இல்லையா. பதில் எழுதணும்னு நெனச்சீங்கன்னா ஒரு கார்டு போதும், ஐம்பது பைசா.