முதலில் விறகுப் பாதையில் நட

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. காட்டை வெட்டாமல் காத்து, மரங்களில் சேரும் கார்பனுக்காகப் பணம் பெறும் கார்பன் சேமிப்புத் திட்டம் காட்டோரக் கிராமங்களில் சாத்தியமா என்று ஆய்வு செய்யப் போகிறாய் என்றதும் அவ்வளவு சந்தோஷம்! என்னென்ன கருவிகள் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அளவு நாடா, மாதிரிப் பரப்பை வளைக்கக் கயிறு, மர உயரம் பார்க்க ஒரு கருவி, நோட்டு, அவ்வளவுதான். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் மரத்தின் உலர் எடை வந்துவிடும். அது 400 கிலோ என்றால், 47 சதவீதம், அதாவது 188 கிலோ, கார்பன், 3.67ஆல் பெருக்கினால் சுமார் 690 கிலோ கரியமில வாயு. ஊர்க்காரர்களே இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். நாங்கள் போன ஊரில் ஓர் அம்மா, நாடா கொடிக்கு மேலே சுற்றியிருப்பதைப் பார்த்து, "கொடியையும் சேர்த்தா அளப்பாங்க?" என்று கேட்டு, கொடியை விலக்கி நாடாவை உள்ளே விட்டு மறுபடி அளந்தார்.

நாங்கள் சறுக்கியது வேறு இடத்தில். மூன்று மாதம் மரங்களை அளந்துவிட்டு, ஒரு சரிவு முழுவதையும் யாரும் வெட்டக் கூடாத பகுதி என்று வரைபடத்தில் அடைத்துவிட்டோம். அப்புறம்தான் விறகு சுமக்கும் பெண்களோடு ஒருநாள் காலையில் நடந்தோம். அவர்கள் பாதை நேராக அந்தச் சரிவுக்குத்தான் போனது. அதை மூடினால் அடுத்த மலையில் வெட்டுவார்கள், வேறு வழியில்லை. எல்லைக்குள் சேர்த்த கார்பனை எல்லைக்கு வெளியே வெட்டுவதில் இழந்துவிடுவோம், பெண்களுக்கு நடை மட்டும் கூடும். இதைத்தான் கசிவு என்கிறார்கள்.

ஒப்பந்தக் காலத்தையும் ஊரில் வெளிப்படையாகச் சொல். கலிபோர்னியாவின் காட்டுத் திட்டங்களில் கார்பனை 100 வருடம் காக்க வேண்டும். இன்று கையெழுத்துப் போடுபவரின் பேரனையும் அது கட்டிப்போடும். நிலம் யார் பேரில் இருக்கிறது, பணம் யார் கைக்குப் போகும், திட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்குமா, இவற்றுக்கும் பதில் வேண்டும்.

1990களில் மெக்சிகோவின் சியாபாஸில் ஸ்கோலெல் தே என்ற திட்டம் தொடங்கியபோது, எங்கே மரம் வைப்பது, எங்கே சோளம் போடுவது என்று விவசாயிகள் தங்கள் நிலத்துக்கான திட்டத்தைத் தாங்களே வரைந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதேபோல் உன் ஆய்விலும் வரைகோல் அவர்கள் கையில் இருக்கட்டும். கடைசியில் "இங்கே சரிப்படாது" என்று முடிவு வந்தால் அப்படியே எழுது, அந்த ஊருக்கு அதுவும் நல்லதுதான்.

எங்கள் கேள்வித்தாளை அனுப்புகிறேன். அதில் விறகும் மேய்ச்சலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், நீ அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா.

அன்புடன்,
மணி