காணொளி ஆசிரியருக்குக் காது கேட்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைக்கு ஒரு கிடாரை வாங்கிக் கொடுத்து, யூடியூபில் பாடத்தைப் போட்டுவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் பலரும் எண்ணுகிறோம். ஒன்பது வயது மகளை அவ்வாறு திரைமுன் உட்காரவைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பிழையை உணர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாடங்களுக்குப் பஞ்சமில்லை, ஜஸ்டின்கிடார் போன்ற தளங்களில் தொடக்கநிலைப் பாடங்கள் படிப்படியாக, இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், காணொளியில் தோன்றும் ஆசிரியருக்கு நம் பிள்ளை வாசிப்பது கேட்பதில்லை. அந்தக் காதாக வீட்டில் ஒருவர் அருகில் அமர வேண்டும் என்பதே என் கருத்து.

கருவியின் அளவு முதலில் பொருந்த வேண்டும். பெரியவர்களுக்கான கிளாசிக்கல் கிடாரில் தந்தி அதிரும் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். சிறு கைகளுக்கு அரை அளவும் முக்கால் அளவும் தனியே உண்டு. எஃகுத் தந்தியைவிட நைலான் தந்தி விரல்நுனிக்கு இதமானது.

அடுத்தது சுருதி. தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சேர்க்க வேண்டும். புதிய நைலான் தந்திகள் நீண்டுகொண்டே இருப்பதால் முதல் சில நாள்கள் அடிக்கடி சுருதி இறங்கும். டியூனர் செயலியின் முள் அசையவில்லையே என்று நான் மேலும் மேலும் முறுக்கிக்கொண்டிருந்தது பக்கத்துத் தந்தியின் திருகாணியை என்பது, அது அறுந்து தெறித்த பிறகுதான் தெரிந்தது. சுருதி சேராத கிடாரில் சரியாக வாசித்தாலும் அபசுரமே வரும். பிள்ளையோ தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

என் மகளைக் குழப்பியது வேறொன்று. திரையில் இருப்பவர் எதிரே அமர்ந்திருப்பதால் அவருடைய கிடாரின் கழுத்து நமக்கு வலப்புறமாகத் தெரிகிறது. அவள் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். தடித்த தந்தி கீழே போய்விட்டதை நாங்கள் இருவருமே சில நாள்கள் கவனிக்கவில்லை. அதன்பின், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ‘கார்டு’க்கு விரல்களை எங்கே வைப்பது என்று காட்டும் படங்களைத் தாளில் வரைந்து, படத்தில் இடக்கோடியில் இருப்பது தடித்த தந்தி என்று சொல்லிக் கொடுத்து, கருவிக்கு அருகில் வைத்தேன்.

இனிக் கேட்பதைப் பற்றி. கார்டைப் பிடித்ததும் ஒரேயடியாக வருடாமல், தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டச் சொல்ல வேண்டும். ஒரு தந்தி மட்டும் மந்தமாக ஒலித்தால், பக்கத்து விரல் அதன்மேல் சாய்ந்திருக்கலாம். கரகரத்தால், விரல் ஃபிரெட்டை விட்டுத் தள்ளியிருக்கலாம். வீணையின் மெட்டு போன்ற அந்த உலோகப் பட்டைக்குச் சற்றுப் பின்னால், திருகாணிகள் இருக்கும் பக்கமாக அழுத்தினால் குறைந்த விசையிலேயே ஒலி தெளிகிறது. இதைக் கண்டுபிடிக்க இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். மைக் வழியாகக் கேட்டு மதிப்பெண் தரும் யூசிஷியன் போன்ற செயலிகள் சுரத்தையும் தாளத்தையும் கணக்கிடுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் மடங்கிய மணிக்கட்டையும் உயர்ந்த தோளையும் அவை காண்பதில்லை.

எடுத்த எடுப்பில் முழுக் கார்டுகளும் தேவையில்லை. தந்திகளை மெல்லியதிலிருந்துதான் எண்ணுவார்கள்; முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் ஒரே விரலை வைத்து, மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் வருடினால் எளிய ஜி கிடைக்கிறது. இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் வைத்து மெல்லிய மூன்றை வருடினால் சி. இரண்டே விரலில் ஈ மைனர். எல்லாத் தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தும் எஃப் பெரியவர்களையே வாட்டுவது. அதைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். காணொளியின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தாலும் சுருதி மாறுவதில்லை என்பதால் கூடவே வாசிக்கலாம். பாடம் முடிந்ததும் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பத்து நிமிடப் பயிற்சிகள் பல, அதனால் பூனைக் காணொளிகளில் முடிந்தன.

இன்றுவரை எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால், “மூணாவது தந்தி பேசலையேம்மா” என்று சொல்ல முடிகிறது. அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விரலைச் சற்று நகர்த்துகிறாள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்