போதைக்கு அடிமையானவர்களின் குடும்பத்தார் சங்கம், மட்டக்களப்பு. 2024 ஆண்டறிக்கை: செயலாளர் வாசிப்பது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கிற அங்கத்தவர்களே, வராமல் வட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருக்கிற அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

மாதாந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல் என்று நிருவாக சபையில் பாதிப்பேர் ஆளுக்கொரு கட்சியின் பின்னால் போய்விட்டார்கள், அந்த இரண்டு மாதமும் கூட்டம் நடத்தப் போதுமான ஆள் (கோரம்) இல்லை. நவம்பர் கடைசியில் வெள்ளம், அதற்கு யாரையும் குறை சொல்ல ஏலாது. நோன்பு காலத்தில் காத்தான்குடி அங்கத்தவர் ஒருவர் வீட்டில் இப்தார் நடந்தது. ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்புத் தினத்துக்குக் கல்லடிப் பாலத்தடியிலிருந்து காந்தி பூங்கா வரை நடந்தோம், பதாகை பிடிக்கவும் படம் எடுக்கவும் ஆள் நிறைய வந்தது. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நடக்க வந்த ஆட்களில் கால்வாசியும் வரவில்லை. சரஸ்வதி பூசை வழமைபோல.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடமும் நமது குடும்பங்களிலிருந்து சில பொடியன்களும் இரண்டு மூன்று குடும்பத் தலைவர்களும் வதிவிட சிகிச்சைக்கு (அங்கேயே தங்கியிருந்து எடுக்கிற சிகிச்சை) போனார்கள். சிலர் தாங்களாகச் சம்மதித்துப் போனார்கள், சிலர் நீதவான் கட்டளையில் கந்தக்காட்டு அரச புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனார்கள். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பொலிஸில் பிடிபட்ட பிறகுதான் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிற தாய்மாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நாளில விடுவாங்க?" இரண்டாம் கிழமையே பிள்ளையின் முகம் தெளிந்திருக்கும், சோறு சாப்பிடுவான், அம்மா என்று கூப்பிடுவான். உடனே பிள்ளை சுகமாகிவிட்டான், கூட்டிக்கொண்டு வருவோம் என்று ஆட்டோ பேசிவிடுகிறார்கள். மருந்து கொடுத்து உடம்பைத் தெளியவைப்பது முதல் படி மட்டும்தான், அதற்குத்தான் ஒரு வாரம், இரண்டு வாரம். கசிப்பையோ (கள்ளச் சாராயம்) சாராயத்தையோ வருடக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அதனால்தான் அறைக்குள் போட்டுப் பூட்டாமல், நூல் கட்டப் போகாமல், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துகிறேன். தூள் (ஹெரோயின்) பாவித்தவருக்கு உடல் உளைவும் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கும். ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) பாவித்தவர் முதலில் நாள் முழுக்கத் தூங்குவார், பசி பசி என்பார், மறுகா வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், ஒன்றிலும் மனம் ஒட்டாது. ஐஸை விட வைக்க என்று உறுதிப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை, கதைத்தும் பழக்கியும்தான் எடுக்க வேண்டும். அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம்கூட 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சையால் பலன் குறைவு என்றுதான் தன் வழிகாட்டலில் எழுதி வைத்திருக்கிறது. நான் வீட்டிலிருந்து உருவாக்கிய கணக்கு இல்லை இது.

மாதக்கணக்கில் அங்கே வைத்து என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு ஐயா கேட்டார். காலையில் குறித்த நேரத்துக்கு எழும்புவது, தன் பாயைத் தானே சுருட்டுவது, முறை வைத்துச் சமைப்பது, கக்கூசு கழுவுவது, குழுவாக இருந்து ஒருவர் மற்றவரிடம் பொய் சொல்லாமல் கதைப்பது. குடியை விட்ட ஒருவர் 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வீட்டில் வளர்ந்த முறை இது (அந்த முதல் வீடு பிற்காலத்தில் கெட்டுப்போனது வேறு கதை). கேட்க வேலை இல்லாத வேலை போல இருக்கும். ஆனால் பத்து வருடமாகப் பகலில் தூங்கி இரவில் அலைந்தவனுக்கு ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதே தெரியாது, அதைப் படிக்கத்தான் மாதங்கள் தேவை.

இதைச் சொல்லியும் தை, மாசியில் என்ன நடந்தது? பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கியது, வரம்பில் நிற்க ஆள் இல்லை என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு குடும்பம் பாதியில் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு குடும்பம் தங்கச்சியின் கலியாணத்துக்கு. கலியாண வீட்டில் யார் பக்கத்தில் குந்தினான், என்ன ஊற்றிக் கொடுத்தார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர்கள் மீது கோபம் இல்லை, ஆனால் அந்தக் குடும்பமே பிறகு "சங்கம் சொல்லி அனுப்பின இடம் சரியில்ல" என்று கடையடியில் நின்று கதைத்தது எனக்கு வந்து சேர்ந்தது. இன்னுமொன்று: குடிக்கிறவருக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்காமே என்று கேட்கிற அக்காமாருக்கு. அப்படிக் கொடுத்து, அதற்கு மேல் அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த மாத்திரை வைத்தியர் சொல்லி, குடிக்கிறவரும் அறிந்து எடுக்க வேண்டியது.

சரி, சிகிச்சை முடித்து வருகிறவர்களுக்கு நாம் நடத்துகிற தங்கல் வீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்தவன் ஊருக்கு வந்து அதே சந்தியில் பஸ் இறங்குகிறான். அதே கூட்டாளி, அதே ஒழுங்கை, கைத்தொலைபேசியில் அதே நம்பர். விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது என்பதையும் வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பழைய நினைப்பில் அதே அளவு தூள் எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். ஆகவே வந்தவர்கள் முதல் மூன்று மாதம் தங்க ஒரு வீடு வேண்டும் என்று நான்தான் போன வருடம் பிரேரணை கொண்டு வந்தேன். வாடகைக்கு வீடு தேட நான்தான் அலைந்தேன். எதற்கு என்று கேட்டதும் கதவைச் சாத்தியவர்கள் பலர், கடைசியில் வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் தன் பழைய வீட்டைத் தந்தார். அக்கம்பக்கத்தார் கிராம சேவகரிடம் முறைப்பாடு கொடுத்தார்கள். அவரையே கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்து, பொடியன்கள் போட்ட பயற்றைப் பந்தலைக் காட்டினேன். முறைப்பாடு அதற்கு மேல் போகவில்லை.

வீட்டில் விதிகள் கொஞ்சம்தான். பழைய சிம் உடைக்க வேண்டும், முதல் மாதம் தனியாக வெளியே போகக்கூடாது, கூலிக் காசு கைக்கு வராமல் தாயின் அல்லது மனைவியின் கைக்குப் போக வேண்டும். இந்த மூன்றாவதுக்குத்தான் சண்டை அதிகம். ஆனால் கையில் காசு வந்த பின்னேரம்தான் கால் தானாகத் திரும்புகிறது என்று அவர்களே குழுவில் சொல்கிறார்கள்.

இப்போது தண்ணி மோட்டார். கிணற்றுக்கு மோட்டார் வாங்கியது வீண் செலவு, செயலாளர் தன் விருப்பத்துக்கு வாங்கினார் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, அவர் இன்றும் வரவில்லை. நிருவாக சபைத் தீர்மானம் கூட்டக் குறிப்பில் இருக்கிறது, பற்றுச்சீட்டு கோவையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வெயில் காலத்தில் வாளியால் அள்ளித் தோட்டத்துக்கு ஊற்றச் சொன்னால் எந்தப் பொடியன் இரண்டு நாளுக்கு மேல் நிற்பான்? அந்தத் தோட்டத்துக் கீரை வித்த காசில்தான் வீட்டு மின்சாரக் கட்டணம் சில மாதம் போனது. கேள்வி கேட்டவரின் சந்தா எத்தனை மாதம் நிலுவை என்று நான் அன்று கேட்கவில்லை.

கணக்கு விபரம் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்ததைவிடப் போனது கொஞ்சம் கூட. இடைவெளியைச் சிலர் கைமாற்றாகத் தந்து அடைத்தார்கள். சந்தா மாதம் 200 ரூபா, ஒரு தேத்தண்ணியும் வடையும் குடிக்கிற காசு. பதிவேட்டில் அறுபதுக்கு மேல் பெயர் இருக்கிறது, ஒழுங்காகத் தருகிறவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும், அவர்களில் அதிகம் பேர் இன்னமும் பிள்ளை திருந்தாத தாய்மார். திருந்திய பிள்ளைகளின் வீட்டார் எங்கே? சங்கத்துக்கு வந்தால் ஊர் கண்டுபிடித்துவிடும், பெண் பார்க்க ஏலாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் மகன் வருடக்கணக்காகத் தெளிவாக இருக்கிறான் என்று புதிதாக வந்த ஒரு தாய் கேள்விப்பட்டால் அது என் நூறு பேச்சுக்குச் சமம். வர வெட்கமென்றால் வராதீர்கள், காசை ஆளிடம் கொடுத்து விடலாம், அதற்கு முகம் தேவையில்லை.

போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவினருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த வாசிகசாலையாருக்கும், கதிரை தந்தவர்களுக்கும், தேத்தண்ணி ஊற்றிய தங்கச்சிமாருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

2025 பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தங்கல் வீட்டு ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது, சொந்தக்காரர் வாடகையைக் கூட்டக் கேட்கிறார், ஆறு மாத முற்பணமும் கேட்கிறார். இப்போது அங்கே இருப்பவர்களை அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதை இந்தச் சபைதான் முடிவெடுக்க வேண்டும். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் விரும்பினால் நான் சந்தோசமாக விலகுகிறேன், கோவைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, மோட்டார் பற்றுச்சீட்டு உட்பட. யாரும் முன்வராவிட்டால் நானே இழுக்கிறேன், ஆனால் வெறுங்கையோடு இழுக்க ஏலாது.

வெளிநாட்டில் உறவுகள் இருக்கிறவர்கள் முற்பண விசயத்தை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் நிலுவையை மட்டும் தீர்த்தாலே பாதி வந்துவிடும். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பார், அந்தப் பக்கமாகத்தான் தேத்தண்ணியும் வைத்திருக்கிறோம்.