காய்ச்சல் காலமும் லேப் ஊழியர் பாதுகாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா என்று பார்க்கச் சீட்டோடு வரும் கூட்டம் லேப் வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கிறது. சிறிய ஊர்களில் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் அத்தனை பேருக்கும் ரத்தம் எடுப்பவர் ஒரே ஒருவர். ரிப்போர்ட் தாமதமானால் சத்தம் போட ஆள் இருக்கிறது. அவர் கையில் ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. லேப் நடத்துகிறவர்களிலேயே பலர் இதை யோசிப்பதில்லை.

ரத்தம் எடுக்கும்போதைவிட எடுத்த பிறகுதான் கவனம் அதிகம் தேவை. பயன்படுத்திய ஊசியை மூட, இடது கையில் அதன் மூடி, வலது கையில் ஊசி. இரண்டையும் எதிரெதிரே கொண்டுவந்து செருகும்போது கொஞ்சம் விலகினாலும் ஊசி இடது கை விரலில் இறங்கும். கையுறை அதைத் தடுக்காது. அடுத்த ஆபத்து டியூபில். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபை (ரத்தம் உறையாமலிருக்க மருந்து கலந்தது) கையில் பிடித்தபடி ரப்பரில் ஊசியைக் குத்தி, சிரிஞ்சின் தண்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். உள்ளே அழுத்தம் கூடினால் மூடி கழன்று ரத்தம் முகத்தில் தெறிக்கும். சிவப்பணுக்கள் உடைந்து சாம்பிளும் கெடும்.

பயன்படுத்திய ஊசியை மூடவே கூடாது. ஊசியைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரும், ரத்தத்தைத் தானே உறிஞ்சும் வெற்றிட டியூபும் இருந்தால் சிரிஞ்சுக்கே வேலை இல்லை. சிரிஞ்சுதான் என்றால், டியூபை ஸ்டாண்டில் நிறுத்தி மூடியைத் திறந்துவைக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டியின் காடியில் ஊசியை மாட்டிக் கழற்றிவிட்டு, டியூபின் உட்சுவர் ஓரமாக ரத்தத்தை மெல்ல வழியவிட வேண்டும். எப்படியும் மூடியே ஆக வேண்டுமென்றால், மூடியை மேசையில் படுக்கவைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்கலாம். துளைபடாத அந்த வெள்ளைப் பெட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். அறையின் மறு மூலையில் இருக்கும் பெட்டியால் பயனில்லை. அதுவரை ஊசியோடு நடப்பதுதான் ஆபத்து. முக்கால் பங்கு நிரம்பியதும் பெட்டியை மூடிவிட வேண்டும். அமுக்கி இடம் பண்ணக் கூடாது.

ஹெச்.ஐ.வி. என்றதும் பதறுகிறவர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை மறந்துவிடுகிறார்கள். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு 3 அளவில்தான்; ஹெபடைடிஸ் சி 100-க்கு 2-க்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி-யோ 100-க்கு 6 முதல் 30 வரை. மேசையில் காய்ந்துபோன ரத்தத்திலும் அந்த வைரஸ் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். மூன்றில் இதற்கு மட்டும்தான் தடுப்பூசி உண்டு: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவது போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்.பி.எஸ். என்ற எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை பார்த்து, அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஊழியர்களுக்கு இந்தத் தடுப்பூசியையும் டெட்டனஸ் ஊசியையும் போடுவது உரிமையாளரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. டியூப் கழுவுகிறவர், குப்பை எடுத்துப் போகிறவர் எல்லோரும் இதில் சேர்த்தி. பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள் தவறிப்போன ஊசி, அதைப் பிரிக்கும் தொழிலாளியின் கையில்தான் ஏறும்.

ஊசி குத்திவிட்டால் பதற்றத்தில் விரலைப் பிதுக்குகிறார்கள், வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள், ஹைப்போவை (லேப் சுத்தம் செய்யும் குளோரின் கிருமிநாசினி) ஊற்றுகிறார்கள். மூன்றும் தப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர் போதும். அந்த நோயாளியின் சாம்பிளைக் கொட்டாமல் எடுத்துவைத்து, அவர் சம்மதத்தோடு மூன்று வைரஸுக்கும் பார்க்க வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது; 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வேலையைத் தொடர்வதுதான் மிகவும் கொடுமை.

ஹைப்போவிலும் அலட்சியம் அதிகம். 5 சதவீத பாட்டிலில் 200 மி.லி. எடுத்து 800 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் வரும். அதைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். வெயில் பட்டாலும், ரத்தம் சேரச் சேரவும் குளோரின் சத்து இறங்கிவிடும். மூன்று நாள் பழைய பக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீர்தான். கழிவறை ஆசிட் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

ரத்த டியூபை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் இயந்திரத்தில் எதிரெதிரே சம எடையில்லாமல் டியூப் வைத்தால் அது உடையும். உடைந்த சத்தம் கேட்டதும் மூடியைத் திறந்து பார்ப்பவர், காற்றில் மிதக்கும் ரத்தத் திவலைகளைத்தான் சுவாசிக்கிறார். நிறுத்திவிட்டு 30 நிமிடம் அப்படியே விட வேண்டும். பிறகு கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுக்கலாம், விரலால் அல்ல.

லேப்களின் பதிவுக்காக ஆய்வுக்கு வரும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலக அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆவணங்களைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு ஊழியரின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசி குத்தினால் முதலில் என்ன செய்வது, பக்கத்து ஏ.ஆர்.டி. மையம் எங்கே, இரவில் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது, யாருக்குப் போன் செய்வது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.