பால் வண்டி அண்ணனுக்கு நன்றி

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இரண்டு மாடுகள், ஐந்து ஆடுகள், கொஞ்சம் கோழிகள். போன மார்கழியில் எங்கள் பசு மயிலைக்குத் தலையீற்று, முதல் கன்று. விடியற்காலை 4 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. ஒரு மணி நேரமாகியும் ஒற்றைக் குளம்புதான் வெளியே தெரிந்தது. கணவர் வெளியூரில். மருத்துவர் வந்து சேர நேரமாகும் என்றார். அத்தை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அண்ணா, நாங்கள் உங்களைக் கூப்பிடவே இல்லை. பால் எடுக்க வந்த நீங்கள், அழுகைச் சத்தம் கேட்டுத் தொழுவத்துக்குள் வந்தீர்கள். சோப்புப் போட்டு முழங்கைக்கு மேலே வரை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பார்த்தீர்கள். "இன்னொரு கால் மடங்கியிருக்கிறது அம்மா, பயப்படாதீர்கள்" என்றீர்கள். அவசரப்பட்டு இழுக்கவில்லை. கன்றை மெல்ல உள்ளே தள்ளி, கருப்பை கிழிந்துவிடாதபடி குளம்பை உள்ளங்கையில் பொத்திக் காலை நிமிர்த்தினீர்கள். பிறகு மயிலை முக்கும்போது மட்டும் இழுத்தீர்கள்.

கிடேரி, பெண் கன்று. ஆனால் அசைவே இல்லை. கோழையை வழித்துவிட்டு வைக்கோல் நுனியை மூக்கில் விட்டீர்கள். தும்மியது! அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சீம்பாலை உடனே ஊட்டச் சொன்னீர்கள். 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடச் சொன்னீர்கள். நீட்டிய பணத்தை வாங்கவில்லை. சட்டை முழுக்க ரத்தத்தோடு வண்டியை எடுத்தீர்கள்.

அடுத்த வாரமே வேறு ஓட்டுநர் வந்தார். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேனே அண்ணா. கன்றுக்குப் பிள்ளைகள் 'தும்மி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் அவசியம் இறங்குங்கள். அத்தை தினமும் உங்களை விசாரிக்கிறார்.