கொத்தை விடுங்கோ, கூழை வையுங்கோ

பாரிஸ்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இஞ்சை நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளையளும் அம்மாவும் சுகமாய் இருக்க வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிடுறன். அத்தானுக்கு முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ?

வட்சப் இருக்கேக்க என்னத்துக்குக் கடிதம் எண்டு கேப்பியள். போனில சொன்னால் "ஓம், ஓம்" எண்டிட்டு அடுத்த கதைக்குப் போயிடுவியள். நீங்கள் கேட்டதும் ரெண்டு வசனத்தில சொல்லி முடியிற விசயம் இல்லை. மாங்குளம் சந்தியில சாப்பாட்டுக் கடை போடப்போறம், நீ ஊர் உலகமெல்லாம் சுத்திச் சாப்பிட்டவன்தானே, என்ன வைக்கலாம் எண்டு சொல்லு எண்டனீங்கள். உங்கட பட்டியலையும் பாத்தன். பிறைட் ரைஸ், கொத்துரொட்டி, நூடில்ஸ், டெவில் சிக்கன். அக்கா, வவுனியாவில இருந்து பரந்தன் மட்டும் ஏ9 ரோட்டில இதுகளை விக்காத கடை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.

இப்ப பின்னேரம் நாலு மணி. இஞ்சத்தை ரெஸ்ரோறன்ற் வேலையில இது ஒரு கூத்து. மத்தியானச் சாப்பாடு முடிய மூண்டு மணிக்கு விட்டிடுவினம், ஆறு மணிக்குத் திரும்ப வந்து நிக்கவேணும். வீட்டை போய்வர நேரம் காணாது. சில பெடியள் மெற்றோவில இருந்தபடியே நித்திரை கொள்ளுவாங்கள். நான் சாமான் அறையில மா மூட்டைக்குப் பக்கத்தில இருந்து இதை எழுதுறன். இரவு வேலை முடிச்சுக் கடைசி மெற்றோவைப் பிடிச்சு அறைக்குப் போகப் பன்னிரண்டு மணி தாண்டிடும். முதல் கோப்பை கழுவினது உங்களுக்குத் தெரியும். பிறகு மரக்கறி வெட்ட விட்டவை, பிறகு மீன் பக்கம். இப்ப குசினி முழுக்க என்ர பொறுப்பு.

எனக்குப் பிடிச்ச பழக்கம் ஒண்டு இவையளிட்ட இருக்கு. வேலை தொடங்க முதல் எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுவினம். முதலாளியும் இருப்பார், கோப்பை கழுவுற பெடியனும் இருப்பான். அவன் மாலி நாட்டுக்காரன். ஒருநாள் தானே சமைச்சுப் போட்டான். கச்சானை அரைச்சுக் குழம்பாக்கி, இறைச்சி போட்டு, சோத்தோட. மாஃபே எண்டு பேர். எனக்கு உடன முறிகண்டிதான் நினைவுக்கு வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுக் கச்சான் சரையோட பஸ் ஏறுற சனம் எவ்வளவு! அவ்வளவு கச்சான் வறுக்கிற இடத்தில ஒருத்தரும் அதைக் குழம்பாக்கிப் பாக்கேல்லையே எண்டு சிரிப்பாயும் இருந்தது. ஆட்டிறைச்சியோட ஒருக்கால் செய்து பாருங்கோ. தேங்காய்ப்பால் விடவேண்டாம், கச்சானே காணும்.

சரி, ஊர் சுத்தின கதைக்கு வாறன். பிரான்சில வருசத்துக்கு 5 கிழமை சம்பளத்தோட லீவு, அது சட்டம். எங்கட ஆக்கள் கனபேர் அந்த லீவிலயும் வேற இடத்தில வேலைக்குப் போவினம். சீட்டு, கடன், ஊரில வீடு எண்டு அவையளுக்கு ஆயிரம் பாரம். நான் ஆவணியில கடை பூட்டின கையோட றெயின் ஏறிடுவன். "சாப்பிடுறதுக்கெண்டு ரிக்கற் எடுக்கிறவன் நீ ஒருத்தன்தான்ரா" எண்டு அறையில இருக்கிற அண்ணை பேசுவார்.

போன ஊருகளுக்குள்ள எனக்கு முதலாவது மார்செய். தெற்கில இருக்கிற துறைமுகப் பட்டினம். பழைய துறைமுகத்தில காலமை வள்ளம் வந்தவுடன கரையிலயே மேசை போட்டு மீன் விக்கினம். அங்கத்தைப் பேர்போன சாப்பாடு புய்யாபேஸ். நல்ல மீனை எல்லாம் வித்துப்போட்டு, ஒருத்தரும் வாங்காத முள்ளு மீனை மீன்பிடிகாரர் தங்கட வயித்துக்கு அவிச்சுக் குடிச்சதுதான் அதின்ர தொடக்கம். இண்டைக்கு ஒழுங்கான கடையில ஒரு ஆளுக்கு 50 யூரோவுக்கு மேல. 1980இல அங்கத்தைக் கடைக்காரர் சிலர் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கினம். சொன்ன மீன் வகையளில ஆகக் குறைஞ்சது நாலு வகை இருக்கவேணும், மீனைச் சாப்பிடுற ஆளின்ர கண்ணுக்கு முன்னால வெட்டிக் குடுக்கவேணும் எண்டு.

எனக்கும் அப்பிடித்தான் செய்தவை. பரிமாற வந்தவர் முதல் மீனெல்லாத்தையும் முழுசாய்த் தட்டில கொண்டுவந்து காட்டினார். செட்டையெல்லாம் முள்ளாய், பாக்கவே பயமாய் ஒரு சிவத்த மீன். ராஸ்காஸ் எண்டு சொல்லுறது. அது இல்லாட்டில் அது புய்யாபேஸ் இல்லையாம். குங்குமப்பூ நிறத்தில சூப்பு தனிய வந்தது. உள்ளி தேய்ச்ச பாண் துண்டு, அதுக்கு மேல மிளகாயும் உள்ளியும் குங்குமப்பூவும் சேத்து அடிச்ச ஒரு சிவத்த களி. பிறகு மீன். நான் நாக்கால இல்லை, கண்ணாலதான் கனக்கப் படிச்சன். இறுக்கமான சதை உள்ள மீன் முதல் போகும், மெல்லிசான மீன் கடைசியில. எல்லாத்தையும் ஒண்டாய்ப் போட்டால் ஒண்டு வேகாது, மற்றது கரைஞ்சிடும்.

எங்கட ஒடியல் கூழும் இதே கணக்குத்தானே அக்கா. அம்மா முதல் மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு பிடி புழுங்கலரிசி போடுவா. பிறகு பயித்தங்காய், நண்டு. மீன் தலையும் இறாலும் அதுக்குப் பிறகு. பனங்கிழங்கை அவிக்காமல் காயவைச்சு இடிச்ச ஒடியல் மாவை ஊறவிட்டுக் காறல் தண்ணியை வடிச்சு, புளியும் அரைச்ச செத்தல் மிளகாயும் சேத்துக் கரைச்சு விடுவா. முருங்கையிலை கடைசி. படிச்சு வந்த சமையல்காரர் அறிக்கை மாதிரிச் சொல்லுற ஒழுங்கை அம்மா கைப்பழக்கத்தில செய்யிறா. அதுக்கு மார்செய்க்காரன் பத்திரம் எழுதிக் காசு பாக்கிறான். நாங்கள் ஆராவது வந்தால் "சும்மா கூழ்தான்" எண்டு வெக்கப்பட்டுக் கொண்டு குடுக்கிறம்.

ரெண்டாவது லியோன். அங்கை நான் போனது ஒரு மனிசியின்ர பேருக்காக. எழெனி பிராசியே. 1895இல பிறந்த கமக்காரப் பிள்ளை, சின்னனில மாடு பண்டி மேய்ச்சவ. பட்டினத்துக்கு வந்து ஆக்களின்ர வீட்டில வேலை செய்து, 1921இல சொந்தமாய் ஒரு சின்னக் கடை போட்டவ. 1933இல, சாப்பாட்டுக் கடையளுக்குத் தரம் போடுற மிஷ்லன் புத்தகம் அவவின்ர ரெண்டு கடைக்கும் மூண்டு மூண்டு நட்சத்திரம் குடுத்தது. உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் போல் பொக்கூஸ் இளம் பெடியனாய் அவவின்ர குசினியில நிண்டு தொழில் பழகினவர். அவவைப்போலக் கன பொம்பிளையள் அந்த ஊரில கடை நடத்தினவை. லியோன் அம்மாமார் எண்டுதான் இண்டைக்கும் சொல்லுவினம். கிளிநொச்சியில, வவுனியாவில அம்மாச்சி உணவகத்தில வேலை செய்யிற எங்கட பொம்பிளையளைத்தான் நான் அங்கை நிண்டு யோசிச்சன். சனம் அங்கை லைனில நிண்டு தோசையும் குரக்கன் புட்டும் வாங்குதுதானே. கொத்து இல்லாமலும் யாவாரம் நடக்கும் எண்டதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?

லியோனில கெனெல் எண்டு ஒண்டு சாப்பிட்டன். ஆத்து மீன், பிறோஷே எண்டு பேர், உடம்பு முழுக்க முள்ளு. அந்த முள்ளுக்குப் பயந்துதான் சதையை அரைச்சு, வடிச்சு, முட்டையும் பட்டரும் சேத்து உருட்டி அவிக்கினம். வாயில வைக்கக் கரையும். எங்கட ஆக்களுக்குக் குளத்து மீன் எண்டால் முகம் ஒரு மாதிரிப் போகும், யாழ்ப்பாணத்தில இருந்து வாறவைக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரணைமடு விராலை உப்பும் புளியும் போட்டு வடிவாய் உரஞ்சிக் கழுவி, மிளகும் உள்ளியும் தூக்கலாய்க் குழம்பு வைச்சால் அதுக்குக் கிட்ட எந்தக் கடல் மீனும் வராது. திலாப்பியாவை முழுசாய்ப் பொரியுங்கோ. வவுனிக்குளம் உங்களுக்குப் பக்கம். காலமை பிடிச்ச மீனை மத்தியானம் குடுக்கலாம். பாரிசில அந்த வசதி எனக்குக் கனவிலயும் இல்லை.

மேற்குக் கரையில பிரெத்தாஞ் எண்ட பகுதி. ஏழைப் பூமி, கோதுமை நல்லாய் வராது, அதால கறுத்த கோதுமை எண்டு ஒரு தானியம் விதைச்சவை. கோதுமைக் குடும்பமே இல்லை, சும்மா பேர்தான். அந்த மாவைத் தண்ணியில கரைச்சு, பெரிய வட்ட இரும்புக் கல்லில மெல்லிசாய் ஊத்தி, நடுவில ஒரு முட்டையை உடைச்சு விட்டு, நாலு பக்கமும் மடிச்சுத் தருவினம். கரையெல்லாம் கருகி மொறுமொறு எண்டு இருக்கும். முந்தி அது ஏழையளின்ர சாப்பாடு, இப்ப பாரிசில தெருவுக்குத் தெரு கடை. குரக்கன் ரொட்டியை நோயாளியளின்ர சாப்பாடு, நீரிழிவுக்காரருக்கு எண்டு நாங்கள் ஒதுக்கி வைச்சிருக்கிறம். முட்டை உடைச்சு விட்ட குரக்கன் ரொட்டி, பக்கத்தில கட்டச்சம்பல். பிள்ளையள் கொத்தை மறந்திடுங்கள்.

அந்தப் பக்கம்தான் கெறான்ட் உப்பளமும். களிமண் பாத்தியில கடல் தண்ணியை விட்டு, வெயிலும் காத்தும் காய்ச்ச, மேல மிதக்கிற மெல்லிய உப்பைப் பின்னேரத்தில பலகையால வழிச்சு எடுக்கினம். சின்னப் போத்தலில போட்டு என்ன விலை சொல்லுறாங்கள் தெரியுமோ! ஆனையிறவு உப்பளக் காத்தில வளந்த எனக்கு உப்பைப் பாத்து வாய் பிளக்கிறது கொஞ்சம் வெக்கமாய்த்தான் இருந்தது.

லிஸ்பனில ஆனி மாதத் திருவிழாவுக்குத் தெருவிலயே சாளை மீன் சுடுவினம், பாண் துண்டுக்கு மேல வைச்சுத் தருவினம், எண்ணெய் ஊறின அந்தப் பாணுக்குத்தான் சண்டை. நாப்போலியில பீற்சா, நல்லது, ஆனால் நான் அதுக்காகத் திரும்பப் போகமாட்டன். லூர்து மாதாவிட்ட பஸ் பிடிச்சு எங்கட சனத்தோட போனன், சைவக்காரரும் பாதிப்பேர், ஊரில மடு மாதாவிட்டப் போறது போலத்தான். வழியில பஸ்ஸை நிப்பாட்டிப் பெட்டி திறந்தால் புட்டும் முட்டைப்பொரியலும் மாசிச் சம்பலும். உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்தில நல்ல சாப்பாடு அதுதான்.

கஞ்சியைப் பற்றியும் கேட்டனீங்கள். மே 18இல இஞ்சையும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறம். அரிசி, தண்ணி, உப்பு. போன முறை ஒரு தங்கச்சி தேங்காய்ப்பால் விடுவமோ எண்டு கேட்டா, வேண்டாம் எண்டிட்டன். 2009இல கடைசிச் சண்டை நேரம் அந்தக் கஞ்சிக்கு லைனில நிண்டது நாங்கள். நீங்களும் அதை அண்டைக்கு மட்டும் காய்ச்சிச் சும்மா குடுங்கோ. கடைப் பலகையில எழுதவேண்டாம், காசுக்கு விக்கிற சாமான் இல்லை அது.

இப்ப வேலைக்கு வருவம். காலமை குரக்கன் புட்டு, முட்டை ரொட்டி. மத்தியானம் பச்சைப்பெருமாள் அரிசிச் சோறு, குளத்து மீன், ரெண்டு மரக்கறி, ஒரு சம்பல். கூழ் வெள்ளியில வேண்டாம், சைவக்காரர் வராயினம், சனி ஞாயிறு வையுங்கோ. பிளாஸ்ரிக் கோப்பையில வார்க்கவேண்டாம், பனையோலைப் பிளா கட்ட ஊரில இன்னும் ஆக்கள் இருக்கினம், அவைக்கும் நாலு காசு. மாசி பங்குனியில ஒடியல் காயேக்கயே வருசத்துக்கும் காணுமான அளவு வாங்கிப் போடுங்கோ, பிறகு விலை ஏறிடும். வைகாசி ஆனியில பாலைப்பழம் வந்தால் வாசலில வையுங்கோ. பட்டியல் நீளக்கூடாது. என்ர கடையில மத்தியானத்துக்கு நாலு சாப்பாடுதான், அதால மிச்சம் குப்பைக்குப் போறேல்லை.

கொத்துத் தகட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டியளெண்டால் திருப்பி வாங்கப் பாருங்கோ. தராட்டில் அதிலயே குரக்கன் ரொட்டி போடலாம், தகடு நல்ல பாரமானதுதானோ எண்டு அத்தானைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் எவ்வளவு வரும் எண்டு எழுதுங்கோ, அடுத்த மாதம் அனுப்பிவிடுறன். ஆறு மணியாகுது, கீழ கூப்பிடுறாங்கள்.

இப்படிக்கு,
உங்கட தம்பி

பி.கு: கடைக்குப் "பாரிஸ் ஹோட்டல்" எண்டு மட்டும் பேர் வைச்சிடாதேங்கோ. அத்தான் அதைத்தான் யோசிச்சு வைச்சிருப்பார்.